பாட்டி தின்ற செம்பு பேத்தியைத் தொடுமா? பழ ஈக்களில் தலைமுறைச் சோதனை செய்ய முழுமையான வழிகாட்டி

கன உலோகம் கலந்த உணவைத் தின்னும் புழு மெதுவாக வளரும், சிறுத்த ஈயாக வெளிவரும், குறைவாக முட்டையிடும். இதைக் காட்ட ஒரு தலைமுறை போதும். இரண்டு வாரத்தில் வேலை முடிந்துவிடும். அந்தக் குறை பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் இறங்குகிறதா என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது.

பிள்ளை சிறுத்துப் பிறந்தால் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். தாயின் உடலிலிருந்து உலோகமே முட்டைக்குள் ஏறியிருக்கலாம். வயிறு நிறையாத தாய் சத்தில்லாத முட்டையை இட்டிருக்கலாம். உலோகம் குடல் நுண்ணுயிர்களைக் கொன்றிருக்கலாம். மெலிந்த ஈக்கள் செத்து, தாங்கும் திறன் உள்ளவை மட்டும் மிஞ்சியதால் கூட்டத்தின் தன்மையே மாறியிருக்கலாம். இவை எல்லாவற்றையும் ஒதுக்கிய பிறகும் வேறுபாடு எஞ்சினால்தான் "மரபுவழி இறங்கியது" என்று பேசலாம். பெரும்பாலான மாணவர் ஆய்வுகள் இந்த ஒதுக்கும் வேலையைச் செய்யாமலே முடிவை எழுதிவிடுகின்றன. கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்தக் காரணங்களைப் பிரித்துப் பார்ப்பதற்காகவே அமைக்கப்பட்டது.

பினாங்கில் ஆறாம் படிவத்திலோ பல்கலைக்கழகத்தின் முதல் ஆண்டுகளிலோ படிப்பவர்களும், அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களும் செய்யக்கூடிய அளவில் இது எழுதப்பட்டிருக்கிறது. மொத்தம் ஏறக்குறைய ஐந்து மாதம் பிடிக்கும்.

எந்தப் பூச்சி, எந்த உலோகம்

டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் என்ற பழ ஈயை எடுங்கள். 25 டிகிரி செல்சியஸில் முட்டை ஒரு நாள், புழு ஏறக்குறைய நான்கு நாள், கூட்டுப்புழு நான்கு நாளுக்குச் சற்று மேல், ஆக பத்து நாளில் ஈ வெளிவரும். 1910இல் தாமஸ் ஹன்ட் மார்கன் வெள்ளைக்கண் ஈயைக் கண்டதிலிருந்து நூறாண்டுக்கும் மேலாக ஆய்வகங்களில் வளர்க்கப்படும் பூச்சி இது. இதன் உடலில் எது இயல்பு, எது பிறழ்வு என்பது நன்றாகத் தெரியும்.

ஆயிர் ஈத்தாம் சந்தையில் கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றும் ஈயைப் பிடித்தே தொடங்கலாமே என்று தோன்றும். வேண்டாம். வெப்ப நாட்டுச் சந்தைகளில் டிரோசோஃபிலா அனனாசே போன்ற நெருங்கிய இனங்களும் கலந்து திரியும், பழகாத கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. அவற்றோடு சிற்றுண்ணிகளும் நோய்க்கிருமிகளும் சேர்ந்து வரும். பல்கலைக்கழக உயிரியல் துறையில் கேன்டன்-எஸ் அல்லது ஓரிகன்-ஆர் என்ற வகையைக் கேட்டு வாங்குங்கள். கொய்யாவையும் மாம்பழத்தையும் துளைக்கும் பெரிய பழ ஈ முற்றிலும் வேறு பூச்சி. அதை இதோடு குழப்பிக்கொள்ளக்கூடாது.

கொசுப்புழு எளிதாகக் கிடைக்கிறதே என்று ஏடிஸ் கொசுவை வளர்க்கத் தொடங்கவே கூடாது. நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், டிங்கி உள்ள ஊரில் ஆபத்தும்கூட. நீர்வாழ் பூச்சிதான் வேண்டுமென்றால் சேற்றில் வாழும் சிவப்பு நிற கைரோனோமிட் புழு பொருத்தமானது. பிறை தொழிற்பேட்டைக்கு அருகே ஓடும் ஜூரு ஆற்றுப் படுகையில் இந்தப் புழுக்களின் வாயுறுப்புச் சிதைவுகளை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் அதைப் பல தலைமுறை வளர்க்கத் தனித் தொட்டிகளும் மணல் அடுக்கும் கூண்டும் வேண்டும். முதல் முயற்சிக்கு ஏற்றதல்ல.

உலோகத்துக்கு மயில்துத்தம். சித்த மருத்துவம் தெரிந்தவர்கள் துரிசு என்பார்கள். வேதியியல் பெயர் செம்பு சல்பேட். காட்மியம் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிப்பட்ட உலோகம். ஈயமும் பாதரசமும் நரம்பைக் கெடுப்பவை. இவற்றைப் புகைபோக்கிப் பெட்டியும் கழிவு மேலாண்மையும் உள்ள பல்கலைக்கழக ஆய்வகத்தில், பொறுப்பாளர் முன்னிலையில் மட்டுமே தொட வேண்டும். செம்பு ஈயின் உடலுக்குச் சிறிதளவு தேவை, மிஞ்சினால் நஞ்சு. செம்பானாலும் காட்மியமானாலும் ஈயின் உடல் மெட்டலோதயோனின் என்ற அதே புரதக் குடும்பத்தைக் கொண்டுதான் உலோகத்தைக் கட்டிப்போடுகிறது. செம்பில் பழகிய சோதனை அமைப்பு பிறகு காட்மியத்துக்கும் அப்படியே பொருந்தும்.

ஆய்வகத் தரத்தில் உள்ள நீலப் படிகமாக வாங்குங்கள். மீன்குளத்துப் பாசியைக் கொல்ல விற்கும் பொட்டலத்தில் வேறு உலோகங்கள் கலந்திருக்கலாம்.

வெப்பமும் எறும்பும் புகையும்

பினாங்கில் உணவு தயாரிப்பதைவிட வெப்பத்தைக் கட்டுப்படுத்துவதுதான் பெரிய வேலை. வகுப்பறை வெப்பம் பகலில் 30 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் வளரும் ஆண் ஈக்கள் மலடாகிவிடும். முட்டை பொரியாததற்குச் செம்பைக் குற்றம் சொல்வீர்கள், உண்மையில் காரணம் மதிய வெயிலாக இருக்கும். குளிரூட்டி இரவில் நிறுத்தப்படும் அறையும் உதவாது. மது பாட்டில் வைக்கும் சிறு குளிர்பெட்டியை வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியோடு இணைத்து 25 டிகிரியில் வையுங்கள். உள்ளே சிறு விசிறி ஒன்று ஓடட்டும், இல்லாவிட்டால் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் இரண்டு டிகிரி வேறுபாடு வந்து நிற்கும். அந்த இரண்டு டிகிரியே வளர்ச்சியை ஒரு நாள்வரை முன்பின்னாகத் தள்ளிவிடும், நீங்கள் அளக்கப் போகும் செம்பின் விளைவும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால் குப்பிகளைத் தினமும் தட்டு மாற்றி வையுங்கள். ஒரே உலோக அளவுள்ள குப்பிகளை ஒரே தட்டில் வரிசையாக அடுக்கக்கூடாது, கலந்து வையுங்கள். விளக்கு பன்னிரண்டு மணி எரியட்டும், பன்னிரண்டு மணி அணைந்திருக்கட்டும்.

எறும்பு ஒரே இரவில் ஒரு தலைமுறையைத் தூக்கிச் சென்றுவிடும். குப்பிகள் வைக்கும் மேசையின் கால்களைச் சோப்புநீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். வெறும் தண்ணீர் வைத்தால் அதிலேயே ஏடிஸ் முட்டையிடும், ஆகவே சோப்பு கலந்து வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும்.

டிங்கி புகை அடிக்கும் நாளில் அறையின் கதவையும் சன்னலையும் இறுக மூடி, இடுக்குகளை ஈரத்துணியால் அடையுங்கள். கொசுவுக்கு அடிக்கும் மருந்து பழ ஈயையும் கொல்லும். கொசுவத்திச் சுருளும் பூச்சிமருந்துத் தெளிப்பானும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே வரக்கூடாது. கொல்லாத அளவில் நுழைந்தால் இன்னும் மோசம். எல்லாக் குப்பிகளிலும் வளர்ச்சி மாறிவிடும், காரணம் யாருக்கும் புலப்படாது.

உணவு

ஒரு லிட்டருக்கு: காய்ச்சி வடித்த நீர் 1 லிட்டர், அகர்-அகர் தூள் 8 கிராம், மஞ்சள் சோள ரவை 70 கிராம், சீனி 60 கிராம், ரொட்டிக்குப் போடும் உலர் ஈஸ்ட் 25 கிராம். ஆறிய பிறகு சேர்க்க: புரோப்பியானிக் அமிலம் 4 மில்லிலிட்டர், எத்தனாலில் 10 விழுக்காடு கரைத்த மெத்தில் பாராபென் 10 மில்லிலிட்டர்.

சோளத்தில் கவனம். கடையில் "தெப்போங் ஜாகோங்" என்று கேட்டால் பெரும்பாலும் வெள்ளை மாவுதான் கையில் கிடைக்கும். அது சோளத்தின் வெறும் மாச்சத்து, புழுவுக்கு அதில் புரதமில்லை. கேக் சாமான்கள் விற்கும் கடையில் மஞ்சளாகக் குருணைபோல் இருக்கும் சோள ரவையைப் பார்த்து வாங்குங்கள். அகர்-அகர் தூளும், சீனியோ மணமோ சேர்க்காததாக இருக்க வேண்டும். குழாய்நீர் ஆகாது, பழைய வீட்டுக் குழாய்களிலிருந்து செம்பும் துத்தநாகமும் கரைந்து வரலாம். ஐந்து மாதத்துக்குத் தேவையான ரவையையும் ஈஸ்ட்டையும் ஒரே நேரத்தில் வாங்கி, கலந்து, குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட் பொட்டலம் மாறினால் ஈயின் எடையும் மாறும்.

அகர்-அகரை நீரில் கொதிக்கவிட்டுக் கரையுங்கள். ரவையையும் ஈஸ்ட்டையும் சிறிது குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் குழைத்து ஊற்றி, சீனி சேர்த்து, இளந்தீயில் 15 முதல் 20 நிமிடம் கிளறுங்கள். ஈஸ்ட் நன்றாகச் சாகவில்லையென்றால் குப்பிக்குள் நுரைத்து உணவைப் பஞ்சுவரை தூக்கிவிடும். 60 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகே அமிலத்தையும் பாராபெனையும் ஊற்ற வேண்டும். சூட்டில் ஊற்றினால் ஆவியாகி வீணாகும், நெடி கண்ணைக் கரிக்கும்.

செம்பைச் சேர்க்குமுன் உணவைக் கண்ணாடிக் கோப்பைகளுக்கு மாற்றுங்கள். அலுமினியப் பாத்திரத்தில் மயில்துத்தத்தை ஊற்றினால் செம்பு பாத்திரத்தின் மேல் செம்மண் நிறத்தில் படிந்துவிடும், அலுமினியம் உணவில் கரையும். எழுதிவைத்த அளவு ஒன்று, புழு தின்றது வேறொன்று என்றாகிவிடும்.

மூலக்கரைசல்: 2.50 கிராம் நீலப் படிகத்தை நீரில் கரைத்து 100 மில்லிலிட்டராக்குங்கள். இது 100 மில்லிமோலார். 100 மில்லிலிட்டர் உணவில் இதன் 1 மில்லிலிட்டர் சேர்ந்தால் 1 மில்லிமோலார், அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 63.5 மில்லிகிராம் செம்பு. படிகத்தின் எடையில் நான்கில் ஒரு பங்குதான் செம்பு, மற்றது சல்பேட்டும் நீரும். படிக எடையையே செம்பின் எடையாக எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு.

எல்லாக் கோப்பைக்கும் சேரும் நீரின் அளவு ஒன்றாக இருக்கட்டும். 96 மில்லிலிட்டர் உணவோடு கரைசலும் நீரும் சேர்ந்து 4 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால் செம்பில்லாத உணவும் அதே இளக்கத்தில் வரும். குப்பிக்கு 8 மில்லிலிட்டர் ஊற்றி, மெல்லிய துணியால் மூடி, ஓரிரவு ஆறவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் குப்பியின் உட்சுவரில் நீர் கோத்து நிற்கும், முதல் நாள் புழு அதில் மூழ்கிச் சாகும். மறுநாள் காலையில் சுவர் உலர்ந்த குப்பியை மட்டும் பயன்படுத்துங்கள்.

ரவையிலும் ஈஸ்ட்டிலும் உள்ள பொருள்கள் செம்பைப் பிடித்துக்கொள்ளும். அதனால் வேறொருவர் வேறு உணவில் கண்ட நச்சு அளவு உங்கள் உணவுக்குப் பொருந்தாது. உங்கள் அளவை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

அளவைத் தேர்வது

முன்சோதனையாக 0, 0.25, 0.5, 1, 2, 4 மில்லிமோலார் என ஆறு அளவுகளில், ஒவ்வொன்றுக்கும் ஐந்து குப்பி, குப்பிக்கு 50 முட்டை வையுங்கள். எத்தனை ஈ வெளிவந்தது, எந்த நாளில் வந்தது என்று எண்ணுங்கள்.

பாதி ஈக்கள் சாகும் அளவைத் தேர்ந்தெடுக்கவே பலருக்கு ஆசை வரும், விளைவு பளிச்சென்று தெரியும் அல்லவா? தலைமுறைச் சோதனையை அதுதான் கெடுக்கிறது. பாதி செத்தால் மிஞ்சும் பாதி பொறுக்கியெடுத்த கூட்டம். மெட்டலோதயோனின் மரபணு இரட்டித்த ஈக்கள் இயற்கைக் கூட்டங்களிலேயே இருக்கின்றன என்பது 1980களிலேயே தெரிந்த செய்தி. அத்தகையவை உங்கள் கூட்டத்தில் இருந்தால் சில தலைமுறையிலேயே பெருகிவிடும். அப்புறம் நீங்கள் காண்பது தாங்குபவை மட்டும் மிஞ்சிய மரபணுத் தேர்வு, முன்னோர் தின்ற செம்பின் நினைவு அல்ல. ஈக்கள் வெளிவரும் விகிதம் செம்பில்லாத குப்பியைவிட 10 முதல் 15 விழுக்காடு மட்டும் குறைந்து, வளர்ச்சி தெளிவாகத் தாமதமாகும் அளவே சரியானது.

செம்பில்லாத குப்பியிலேயே 100க்கு 80 ஈக்குக் குறைவாக வந்தால் சோதனையைத் தொடங்காதீர்கள். உணவோ வெப்பமோ முட்டையைக் கையாளும் விதமோ சரியில்லை என்று பொருள்.

அளவு முடிவானதும் இன்னொரு சிறு சோதனை. செம்பின் சுவை பிடிக்காமல் புழு குறைவாகத் தின்னலாம். அப்படியானால் நீங்கள் அளப்பது பட்டினியின் விளைவு. புழுவின் கடைசிப் பருவமான மூன்றாம் பருவத்தின் தொடக்கத்தில் உள்ள புழுக்களைக் கேக்குக்குப் போடும் நீலச்சாயம் கலந்த உணவில், செம்புள்ளதிலும் இல்லாததிலும், 30 நிமிடம் விட்டு, எடுத்துக் கழுவி, உருப்பெருக்கியின் கீழ் குடலில் நீலம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று ஒப்பிடுங்கள். செம்புப் பக்கம் வெளுத்திருந்தால் முதன்மைச் சோதனையில் ஈஸ்ட்டைப் பாதியாகக் குறைத்த, செம்பில்லாத ஒரு பட்டினி வரிசையையும் சேர்த்தே ஆக வேண்டும்.

வரிசைகள்

மூன்று வரிசைகளாகத் தொடங்குங்கள். குப்பிகளில் நிறநாடா ஒட்டினால் தவறு குறையும்.

வெள்ளை: எல்லாத் தலைமுறையும் செம்பில்லாத உணவில். மஞ்சள்: முதல் தலைமுறை மட்டும் புழுப்பருவத்தில் செம்பில், பிறகு எப்போதும் செம்பில்லாத உணவில். சிவப்பு: எல்லாத் தலைமுறையும் செம்பில். ஆறாம் தலைமுறையில் சிவப்பின் முட்டைகளில் ஒரு பகுதியைச் செம்பில்லாத உணவுக்கு மாற்றி, பச்சை நாடா ஒட்டுங்கள். அது மீட்பு வரிசை.

ஒவ்வொரு நிறத்திலும் மூன்று தனிக் கூட்டங்கள். இவை எந்தத் தலைமுறையிலும் ஒன்றோடொன்று கலக்கக்கூடாது. ஒரு கூட்டத்துக்கு ஐந்து குப்பி, குப்பிக்கு 50 முட்டை. தொடக்கத்தில் 45 குப்பி, 2,250 முட்டை. இரண்டு பேர் சேர்ந்தால் அரைநாள் வேலை.

ஒரே கூட்டத்தின் ஐந்து குப்பிகளை ஐந்து தனி ஆதாரங்களாக எண்ணிக் கணக்குப் போடுவதை மதிப்பீட்டாளர் முதலில் பிடிப்பார். அவை ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். உங்களிடம் உள்ள ஆதாரம் நிறத்துக்கு மூன்று கூட்டம், பதினைந்து அல்ல. குறைவாக இருக்கிறதே என்று தோன்றினால் குப்பியைக் குறைத்துக் கூட்டத்தை ஐந்தாக்குங்கள்.

மஞ்சள் வரிசையில் யார் யார் செம்பைத் தொட்டவர்கள் என்று தெளிவாக எழுதிவையுங்கள். முதல் தலைமுறைப் புழு நேரடியாகத் தின்றது. அதன் உடலுக்குள் இருந்த இனச்செல்தான் (பிறகு முட்டையாகவோ விந்தாகவோ மாறும் செல்) இரண்டாம் தலைமுறை, ஆகவே பிள்ளையும் தொட்டதாகவே கணக்கு. பேத்தியான மூன்றாம் தலைமுறைதான் செம்பு நேரடியாகத் தொடாத முதல் தலைமுறை. பாலூட்டிகளில் கருவுற்ற தாய்க்குக் கொடுத்தால் நான்காம் தலைமுறைவரை காத்திருக்க வேண்டும். வயிற்றுக் குழந்தைக்குள் பேரக்குழந்தையின் இனச்செல்லும் இருப்பதே காரணம். ஈ வெளியே முட்டையிடுவதால் நமக்கு ஒரு தலைமுறை மிச்சம். ஆனால் முட்டையோடு செம்பு ஏறிப்போயிருந்தால் பிள்ளையின் கருவில் உருவாகும் இனச்செல்லையும் அது தொட்டிருக்கும். அந்த ஐயத்துக்காக நான்காம் தலைமுறையையும் அளந்துவிடுவது நல்லது.

ஒரு தலைமுறையின் பதினேழு நாள்

திராட்சைச் சாறு கால் பங்கு, நீர் முக்கால் பங்கு, அதில் 2.5 விழுக்காடு அகர்-அகர் சேர்த்துக் காய்ச்சிச் சிறு தட்டுகளில் ஊற்றுங்கள். கருநிறத்தின் மேல் வெள்ளை முட்டை தெளிவாகத் தெரியும். நடுவில் ஈஸ்ட் குழம்பு ஒரு பட்டாணியளவு வையுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் 50 பெண், 50 ஆண் ஈக்களைக் கூண்டில் விட்டு, முதல் ஒரு மணி நேரத் தட்டை எறிந்துவிடுங்கள். தாய் வயிற்றில் பிடித்து வைத்திருந்த பழைய முட்டைகள் அதில்தான் விழும். அடுத்த நான்கு மணி நேர முட்டைகளே சோதனைக்கு. எல்லா நிறத்துக்கும் செம்பில்லாத தட்டுதான். செம்புள்ள தட்டில் பெண் ஈ முட்டையிடத் தயங்கும், அந்தத் தயக்கம் முட்டை எண்ணிக்கையைக் குழப்பும்.

முட்டைகளைச் சலித்து, நீரோடு சரிபாதி கலந்த வெளுப்புத் திரவத்தில் இரண்டு நிமிடம் கழுவி, பிறகு நீரில் நன்றாக அலசுங்கள். மேலோட்டில் ஒட்டிய செம்பும் தாயின் குடல் நுண்ணுயிரும் போய்விடும். ஆனால் நுண்ணுயிரே இல்லாத புழு மெலிந்து வளரும். அதனால் எந்த வரிசையிலும் சேராத மூலக்கூட்டத்தின் (முதலில் வாங்கித் தனியே வளர்க்கும் ஈக்களின்) பழைய குப்பியைச் சிறிது நீரால் கழுவி, அந்த நீரை எல்லாக் குப்பியிலும் ஒரே அளவாக, 50 மைக்ரோலிட்டர், விடுங்கள். செம்பு நுண்ணுயிரைக் கொல்லும் பொருள். சிவப்பு வரிசையின் பிள்ளைகள் குறைந்த நுண்ணுயிரோடு பிறப்பதைச் செம்பின் மரபு நினைவு என்று எழுதிவிடாமல் இந்தத் துளி காக்கும்.

மெல்லிய தூரிகையால் 50 முட்டையை எண்ணி ஒவ்வொரு குப்பியிலும் வையுங்கள். எண்ணாமல் ஈக்களையே குப்பியில் முட்டையிட விட்டால், அதிகம் முட்டையிடும் வெள்ளை வரிசையில் நெரிசல் கூடி அங்கேதான் ஈ சிறுக்கும். செம்பு நல்லது செய்வதாக முடிவு வரும்.

தனியாக 100 முட்டையைத் தட்டிலேயே வைத்து, 30 மணி நேரம் கழித்துப் பொரியாதவற்றை எண்ணுங்கள். பழுப்பாக மாறியது கருவாகி வளர்ந்தபின் இறந்தது. வெள்ளையாகவே இருப்பது கருவுறாதது அல்லது தொடக்கத்திலேயே இறந்தது. இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். வெள்ளை முட்டை கூடினால் தந்தையின் விந்தையும் சந்தேகிக்க வேண்டும்.

ஐந்தாம் நாளிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, முடியாவிட்டால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, சுவரேறிக் கூடாகும் புழுக்களைக் குப்பியின் வெளிப்புறம் பேனாவால் புள்ளி வைத்து எண்ணுங்கள். நேரத்துக்கு ஒரு நிறம் என்றால் எண்ணியதையே திரும்ப எண்ண மாட்டீர்கள். ஒன்பதாம் நாளிலிருந்து வெளிவரும் ஈக்களை அதே இடைவெளியில் எடுத்து, ஆண் பெண் பிரித்து எண்ணுங்கள். ஆணின் வயிற்று நுனி கருத்திருக்கும், முன்காலில் கருஞ்சீப்பு இருக்கும். ஈக்களை மயக்கப் பனிக்கட்டி போதும். ஈரத்தில் சிறகு ஒட்டிக்கொள்ளும் என்பதால் பனிக்கட்டியின் மேல் உலர்ந்த கண்ணாடித் தட்டை வைத்து அதன்மேல் கொட்டுங்கள், கால்மணிக்கு மேல் வைக்காதீர்கள். கூன் முதுகோடு விறுவிறுவென்று ஓடும் ஈ கண்ணில் பட்டால் அது வெளியிலிருந்து நுழைந்த ஃபோரிட் ஈ. அந்தக் குப்பியைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுப் பஞ்சடைப்பை இறுக்குங்கள்.

வெளிவந்த எல்லா ஈக்களும் செம்பில்லாத உணவுக்குப் போகும், சிவப்பு வரிசையும்கூட. செம்பு புழுப்பருவத்தில் மட்டும் என்று எல்லைகட்டிக்கொண்டால் கணக்கு எளிதாகும். கூட்டுப்புழுப் பருவத்தில் பழைய குடல் உதிர்ந்து, ஈயானதும் கருநிற முதல் மலமாக வெளியேறும். உலோகத்தில் ஒரு பகுதி அதோடு போய்விடும்.

அடுத்த தலைமுறைக்குப் பெற்றோரைத் தேர்வதில்தான் பெரிய கண்ணி இருக்கிறது. அவசரத்தில் முதலில் வந்த ஈக்களையே கூண்டில் விட்டால், செம்பிலும் வேகமாக வளரும் ஈக்களைத் தலைமுறைதோறும் பொறுக்கி எடுக்கிறீர்கள். கடைசி ஈவரை காத்திருங்கள். பதினேழாம் நாளில் எல்லா நிறத்திலும் ஈக்களின் வயது 4 முதல் 8 நாளுக்குள் இருக்கும். அந்தக் கலவையிலிருந்து கண்மூடி எடுங்கள். தாயின் வயது முட்டையின் தரத்தை மாற்றும் என்பதால் இந்த எல்லை முக்கியம். நாட்காட்டியை முன்கூட்டியே பார்த்து, முட்டை எடுக்கும் நாள் தைப்பூசத்திலோ சீனப் புத்தாண்டிலோ விழாமல் தொடங்குங்கள். கட்டடம் பூட்டியிருந்தால் ஒரு தலைமுறை முழுதும் போகும்.

எடைக்கு 20 ஈயை ஒன்றாக நிறுங்கள், ஆண் தனி, பெண் தனி. ஓர் ஈ ஏறக்குறைய ஒரு மில்லிகிராம்தான், ஒற்றையாக நிறுத்தால் சாதாரணத் தராசின் பிழையே அதைவிடப் பெரிது. சிறகின் நீளம் இன்னும் நம்பகமான அளவு. இடது வலது இரண்டையும் படம்பிடித்து அளங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் கூட்டத்துக்கு 50 ஈயைப் புதிய பிளாஸ்டிக் குழாயில் உறைநிலையில் வைத்திருங்கள். பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்று உலோகத்தை அளந்து தர முன்வரும்போது அவை கைவசம் இருக்க வேண்டும். சிவப்பின் முட்டைகளும் சிறிது உறையட்டும். முட்டைக்குள் செம்பு ஏறியதா என்ற கேள்விக்கு வேறு எதுவும் நேர்விடை தராது.

காரணங்களைப் பிரிக்கும் இரண்டு சோதனைகள்

ஐந்தாம் தலைமுறையில் மாற்றிச் சேர்த்தல். வெளிவந்து எட்டு மணி நேரத்துக்குள் பெண் ஈக்களைப் பிரித்தால் அவை இன்னும் சேர்க்கை காணாதவை. சிவப்புத் தாயோடு வெள்ளைத் தந்தை, வெள்ளைத் தாயோடு சிவப்புத் தந்தை, இருபுறமும் வெள்ளை, இருபுறமும் சிவப்பு என நான்கு இணைகள். முட்டைகள் எல்லாம் செம்பில்லாத உணவில். தாய் சிவப்பாக இருக்கும்போது மட்டும் பிள்ளை தாமதமானால், முட்டையில் ஏறிய உலோகமோ தாயின் மெலிவோதான் முதல் சந்தேகம். தந்தை வழியிலும் தாமதம் வந்தால் செய்தி கனமானது. விந்து கொண்டுவரும் உலோகம் மிகமிகக் குறைவு. ஆனால் அப்போதும் தேர்வு என்ற விளக்கம் நிற்கிறது, அதற்குத்தான் அடுத்த சோதனை. மாற்றிச் சேர்க்கும் ஈக்கள் ஒரே மூலக்கூட்டத்திலிருந்து வந்திருக்க வேண்டும். ஒன்றில் வோல்பாக்கியா நுண்ணுயிர் இருந்து மற்றொன்றில் இல்லாவிட்டால் ஒரு திசைச் சேர்க்கையில் முட்டைகள் பொரியாமல் போகலாம், உலோகத்துக்கும் அதற்கும் தொடர்பே இராது.

இரண்டாவது, பச்சை வரிசையை இரண்டு தலைமுறை செம்பில்லாமல் வளர்த்தபின் மறுபடி செம்பில் இடுவது. அருகில் வெள்ளையையும் அதே செம்பில் இடுங்கள். பச்சை வெள்ளையைவிட நன்றாகத் தாங்கினால் உங்கள் கூட்டத்தில் மரபணுத் தேர்வு நடந்துவிட்டது என்பதே எளிய விளக்கம். இரண்டும் ஒரேமாதிரி தடுமாறினால் தேர்வு பெரிதாக நடக்கவில்லை. அந்த நிலையில் மஞ்சளின் மூன்றாம், நான்காம் தலைமுறையில் கண்ட தாமதத்துக்கு மதிப்பு கூடும்.

கணக்கும் கழிவும்

வளர்ச்சி நாளின் சராசரியை மட்டும் எடுத்தால் செத்தவை கணக்கிலேயே வராது. ஒவ்வொரு முட்டைக்கும் "இந்த நேரத்தில் வெளிவந்தது" அல்லது "வரவில்லை" என்று இட்டு, உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு செய்யுங்கள். இலவசமாகக் கிடைக்கும் 'ஆர்' மென்பொருளில் இது உண்டு. கூட்டத்தையும் குப்பியையும் தற்செயல் காரணிகளாகச் சேர்க்க வேண்டும். எண்ணுபவருக்கு நிறம் தெரியாமல் குப்பிக்கு வெறும் எண் ஒட்டி, நிறப்பட்டியலை வேறொருவர் வைத்திருந்தால் கண் ஏமாறாது. அதற்கு நாடாவைக் குப்பியின் அடியில் ஒட்டுங்கள்.

செம்புள்ள உணவு, கழுவிய நீர், மூலக்கரைசலின் மிச்சம் எதுவும் கழுவுதொட்டியில் போகக்கூடாது. சிறிதளவு செம்பே மீனையும் நத்தையையும் கொல்லும், நம் சாக்கடைகள் கடலுக்குத்தான் போகின்றன. குப்பிகளை இரண்டு நாள் உறையவைத்து ஈக்களைக் கொன்று, உணவைச் சுரண்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் கலனில் "செம்புக் கழிவு" என்று தேதியோடு எழுதிச் சேருங்கள். 2005ஆம் ஆண்டின் பட்டியலிட்ட கழிவு விதிமுறைகளின்படி அதை ஒப்படைக்கும் வழியைப் பள்ளி அல்லது பல்கலைக்கழக ஆய்வகப் பொறுப்பாளரிடம் சோதனை தொடங்குமுன்பே கேட்டு வையுங்கள். ஐந்து மாதத்தில் நான்கைந்து லிட்டர் சேரும், அதற்கேற்ற கலனை முதல் நாளே வாங்கிவிடுங்கள்.